தோட்டத்து மரத்துக்குப் போகஸ் விளக்கு: உயிரும் பயிரும் காக்கும் முறை

தோட்டத்து வீடுகளில் இப்போது போகஸ் விளக்குகள் பெருகி வருகின்றன. முன்பு கோயில் திருவிழாவிலும் கலியாணப் பந்தலிலும் மட்டுமே காணப்பட்ட இவ்விளக்குகள், எல்.இ.டி. வந்த பிறகு விலை குறைந்து சிறு விவசாயியின் வாசல் வரை வந்துவிட்டன. வாசலில் நிற்கும் வேம்பின் மீதோ, வாய்க்கால் ஓரத்துத் தென்னையின் மீதோ ஒரு விளக்கைக் கட்டி, இரவு முழுவதும் எரிய விடுவது பல ஊர்களில் வழக்கமாகி வருகிறது. வீட்டுக்கு அழகு, திருட்டுப் பயம் இல்லை, பாம்பு இருந்தால் தெரியும் என்பவை இதற்குச் சொல்லப்படும் காரணங்கள்.

விளக்கு போடுவதில் தவறில்லை. ஆனால் மரத்தின் மீது ஒளி பாய்ச்சும்போது மூன்று செய்திகளை விவசாயிகள் மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, ஈரத் தரையில் மின்சாரம் உயிரைப் பறிக்கும். இரண்டாவது, வெறும் விளக்கு பூச்சிகளைக் கூப்பிடுமே தவிர கொல்லாது. மூன்றாவது, சில பயிர்கள் இருட்டின் நீளத்தை அளந்தே பூக்கின்றன. இம்மூன்றையும் அறிந்து விளக்கைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தினால் செலவு குறையும், கேடும் வராது.

எத்தனை வாட் வேண்டும்?

விளக்கு வாங்கும்போது பெரும்பாலோர் வாட் அளவை மட்டும் கேட்கிறார்கள். வாட் என்பது விளக்கு செலவழிக்கும் மின்சாரத்தின் அளவு. அது தரும் வெளிச்சத்தின் அளவு லூமன். நல்ல எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். பழைய குண்டு பல்பு ஒரு வாட்டுக்கு 10 முதல் 15 லூமன்தான் தந்தது. முன்பு பந்தல்களில் எரிந்த 500 வாட் ஹாலஜன் விளக்கின் வெளிச்சத்தை இன்று சுமார் 100 வாட் எல்.இ.டி. தந்துவிடும். ஆகவே ஹாலஜன் காலத்துக் கணக்கில் வாட் கேட்பது வீண்.

வாசலில் நிற்கும் 20 அடி உயர வேம்புக்கு 10 முதல் 20 வாட் விளக்கு ஒன்று போதும். மாட்டுக் கொட்டகை வாசலுக்கும் நடைபாதைக்கும் 10 வாட் போதும். 50 வாட், 100 வாட் விளக்குகள் சிறு தோட்டத்துக்குத் தேவையில்லை. 50 வாட் விளக்கு நாள்தோறும் 6 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 யூனிட் ஆகும். 10 வாட் விளக்கு 3 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது.

ஒளி விரியும் கோணம்

வாட்டுக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது ஒளிக்கற்றை விரியும் கோணம். அட்டைப்பெட்டியில் இது பாகைக் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். 30 பாகை விளக்கின் ஒளி 6 மீட்டர் தூரத்தில் சுமார் 3 மீட்டர் அகலத்துக்கு விரியும். 60 பாகை விளக்கு அதே தூரத்தில் சுமார் 7 மீட்டர் அகலத்துக்கு விரியும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சதுர வடிவ விளக்குகளில் பல 120 பாகை கொண்டவை. இவை மரத்தை மட்டும் காட்டாமல் வயல், சாலை, அடுத்த வீட்டு ஜன்னல் எல்லாவற்றின் மீதும் ஒளியைச் சிதறும்.

படர்ந்த வேம்பு, மா, புங்கம் ஆகியவற்றுக்கு 60 பாகையும், ஒடுங்கி உயர்ந்த மரத்துக்கு 15 முதல் 30 பாகையும் பொருந்தும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எனவே தொலைவில் பெரிய விளக்கை வைப்பதைவிட, அருகில் சிறிய விளக்கை வைப்பதே சிக்கனம்.

மஞ்சள் ஒளியே நல்லது

விளக்கின் நிறம் கெல்வின் என்னும் அளவால் குறிக்கப்படுகிறது. 6500 என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை ஒளி. 3000 அல்லது 2700 என்றால் இளமஞ்சள் ஒளி. இரவில் பறக்கும் பூச்சிகளுக்கு நீல ஒளியும் ஊதாக்கதிரும் எளிதில் தென்படும். மஞ்சள் ஒளிக்கு அவை குறைவாகவே வரும். தோட்டத்துக்கு 3000 அல்லது அதற்குக் குறைந்த எண் உள்ள விளக்கையே கேட்டு வாங்க வேண்டும். கண்ணுக்கும் அது இதமாக இருக்கும்.

மழையைத் தாங்குமா?

வெளியில் வைக்கும் விளக்கின் மீது 'ஐ.பி.' என்ற எழுத்துகளும் இரண்டு எண்களும் இருக்கும். முதல் எண் தூசியையும் இரண்டாம் எண் தண்ணீரையும் குறிக்கும். ஐ.பி. 65 என்றால் தூசி புகாது, பீய்ச்சி அடிக்கும் நீரையும் தாங்கும். சுவரிலும் கம்பத்திலும் வைக்க இது போதும். தரையில் பதிக்கும் விளக்கு ஐ.பி. 67 ஆக இருக்க வேண்டும். வரப்புக்கு அருகில், தண்ணீர் தேங்கும் இடத்தில் எந்த விளக்கையும் பதிக்கக் கூடாது. கிராமங்களில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது உண்டு. ஆகவே விளக்கின் மீது அச்சிட்டுள்ள வோல்ட் வீச்சு அகலமாக உள்ளதா என்றும் பார்த்து வாங்குவது நலம்.

வெறும் விளக்கு பூச்சியைக் கூப்பிடும்

விளக்குப் பொறி விவசாயிகளுக்குப் பழக்கமானது. நெல்லில் குருத்துப் பூச்சியின் தாய் அந்துப்பூச்சி, பச்சைத் தத்துப்பூச்சி, புகையான், ஆனைக்கொம்பன் ஈ ஆகியவையும், நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்புழுவின் அந்துப்பூச்சியும் ஒளிக்கு வருபவை. பொறியின் அடியில் தண்ணீரும் சிறிது மண்ணெண்ணெயும் கலந்த தட்டு இருப்பதால், வந்த பூச்சிகள் விழுந்து மடிகின்றன. போகஸ் விளக்கின் அடியில் அத்தகைய தட்டு இல்லை. அழைக்கப்பட்ட பூச்சிகள் அருகில் உள்ள பயிரில் இறங்கி முட்டையிடும். தட்டு இல்லாத விளக்குப் பொறியை வயலோரத்தில் வைப்பதும், வயலை நோக்கிப் போகஸ் விளக்கை எரிய விடுவதும் ஒன்றுதான்.

வேம்பின் மீது விளக்கு போடுவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். வேர்ப்புழுவின் தாய் வண்டுகள் கோடை மழை பெய்த சில நாட்களில் மண்ணிலிருந்து வெளிவந்து, மாலை மங்கியதும் வேம்பு, முருங்கை போன்ற மரங்களில் கூடி இலைகளைத் தின்னும். பின்பு நிலத்தில் இறங்கி முட்டையிடும். அதிலிருந்து வரும் புழுக்கள் நிலக்கடலை, கரும்பு ஆகியவற்றின் வேரைக் கடித்துப் பயிரை வாட வைக்கும். இவ்வண்டுகளும் ஒளிக்கு வருபவையே. ஆகவே கோடை மழைக்குப் பின் வரும் இரண்டு மூன்று வாரங்களில் வேம்பின் மீது ஒளி பாய்ச்சுவதை நிறுத்த வேண்டும். அந்த நாட்களில் விளக்கு எரித்தே ஆக வேண்டுமானால், அதன் அடியில் தண்ணீர்த் தட்டு வைத்துப் பொறியாக்கி, காலையில் வண்டுகளை அழித்துவிட வேண்டும்.

தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டும் ஒளிக்கு வரும். எருக்குழியில் வளர்ந்து வெளிவரும் இந்த வண்டு தென்னையின் குருத்தைத் துளைக்கிறது. எருக்குழிக்கும் தென்னைக்கும் நடுவே விளக்கு எரிவது வண்டுக்கு வழிகாட்டுவது போலாகும். தென்னையின் கொண்டையை நோக்கி ஒளி பாய்ச்சாமல் இருப்பதே நல்லது.

பாம்புக்குப் பயந்து விளக்கு போடுவோரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். விளக்கைத் தேடிப் பூச்சி வரும். பூச்சியைத் தேடித் தேரையும் தவளையும் வரும். அவற்றைத் தேடிப் பாம்பு வரலாம். இரவெல்லாம் எரியும் விளக்கைவிட, நடக்கும்போது கையில் ஒரு டார்ச்சும் காலில் செருப்பும் இருப்பதே சிறந்த காவல்.

இருட்டும் பயிருக்கு வேண்டும்

பகலின் நீளமும் இரவின் நீளமும் பயிர் பூப்பதைக் கட்டுப்படுத்துகின்றன என்பதை 1920-ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இரு அறிஞர்கள் புகையிலையிலும் சோயா மொச்சையிலும் ஆராய்ந்து வெளியிட்டனர். பயிர் உண்மையில் அளப்பது இருட்டின் நீளத்தை என்பது பின்னர் தெரியவந்தது. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலும், இரவு முடிந்துவிட்டது என்று பயிர் எண்ணிக்கொள்கிறது.

நெடுவயதுடைய பழைய சம்பா ரகங்கள் பல, இரவு நீளும் காலத்தில்தான் கதிர் விடும். தெருவிளக்கின் அருகே உள்ள பகுதியில் மட்டும் நெல் பச்சையாக நின்று, மற்ற பகுதி அறுவடைக்கு வந்திருப்பதைப் பார்த்த விவசாயிகள் உண்டு. அது உரக்கோளாறு அன்று, விளக்கின் விளைவு. குறுகிய வயதுடைய புதிய ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. சாமந்தியும் இரவு நீண்டால் பூக்கும் பயிரே. பூப்பதைத் தள்ளிப்போட வேண்டி, சாமந்திக்கு இரவில் வேண்டுமென்றே விளக்கெரிக்கும் முறையும் உண்டு. அதே செயல் தெரியாமல் நடந்தால் பண்டிகைச் சந்தைக்குப் பூ வராமல் போகும்.

முழுநிலவின் ஒளி கால் லக்ஸ் அளவே. போகஸ் விளக்கின் எதிரே சில மீட்டர் தூரத்தில் இதைப் போல் பல மடங்கு வெளிச்சம் விழும். ஆகவே நிலவொளி போன்றதுதானே என்று இருந்துவிடக் கூடாது.

இலுப்பை, இலவம் ஆகிய மரங்களின் பூக்கள் இரவில் மலர்பவை. தேன் குடிக்க வரும் வௌவால்கள் இவற்றின் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன. வௌவால்களில் பல, வெளிச்சம் உள்ள இடத்தைத் தவிர்ப்பவை. இத்தகைய மரங்கள் பூத்திருக்கும் காலத்தில் அவற்றின் மீது ஒளி பாய்ச்ச வேண்டாம். பறவைகள் கூடு கட்டும் மரத்துக்கும் இதுவே விதி. 2020-ஆம் ஆண்டில் சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில், தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டிருந்ததால், ஊர் மக்கள் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்குகளை எரிக்காமல் இருந்தார்கள். ஓர் ஊரே அத்தனை நாள் இருட்டில் நடமாட முடிந்தபோது, ஒரு மரத்து விளக்கைச் சில வாரம் அணைத்து வைப்பது பெரிய காரியமன்று.

மரத்தில் ஆணி அடிக்கலாமா?

கூடாது. ஆணி அடித்த காயத்தின் வழியே பூசணமும் பூச்சியும் நுழையும். வேம்பு, மா போன்ற மரங்கள் நாளடைவில் காயத்தைப் பட்டையால் மூடிக்கொள்ளும். தென்னை, பனை ஆகியவற்றில் அவ்வாறு மூடிக்கொள்ளும் திசு இல்லை. ஒருமுறை ஏற்பட்ட காயம் மரம் உள்ளவரை இருக்கும். கம்பியால் இறுகக் கட்டுவதும் தவறு. மரம் பருக்கும்போது கம்பி பட்டையை அறுத்து, மேலிருந்து கீழே இறங்கும் உணவோட்டத்தைத் தடுக்கும். சுற்றிலும் அறுபட்டால் மரமே பட்டுப்போகும்.

விளக்கைச் சுவரிலோ தனிக் கம்பத்திலோ பொருத்துவதே முறை. மேலே இருந்து கீழ்நோக்கி ஒளி விழுமாறு அமைத்தால் நடைபாதையும் வாசலும் நன்றாகத் தெரியும். மரமும் வயலும் இருட்டில் இருக்கும். விழா நாளில் மரத்தையே அழகாகக் காட்ட வேண்டுமானால், அடிமரத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் தரையில் ஒரு சிறு விளக்கை வைத்து, கிளைகளுக்குள் ஒளி அடங்குமாறு சாய்த்து வைக்கலாம். தென்னையின் கீழே மட்டையும் காயும் விழும் இடத்தில் விளக்கு வைக்கக் கூடாது.

ஒளி வயலில் விழுகிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரவில் வயல் வரப்பில் போய்ப் பயிரின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். விளக்கின் ஒளிரும் முகம் கண்ணுக்கு நேரே தெரிந்தால் பயிருக்கும் தெரிகிறது என்று பொருள். அப்போது விளக்கைச் சாய்க்க வேண்டும். அல்லது தகரத்தால் ஒரு தொப்பி செய்து மறைக்க வேண்டும்.

மின் இணைப்பில் உயிர் இருக்கிறது

தோட்டத்து விளக்கால் நேரும் பெரிய ஆபத்து மின் அதிர்ச்சி. ஈர மண்ணில் வெறுங்காலுடன் நிற்பவர் உடல் வழியே மின்சாரம் எளிதில் பாயும். மாடுகளுக்கும் இதே கதிதான். மேலே செல்லும் மின்கம்பியில் கொக்கி போடுவது குற்றம் மட்டுமன்று, உயிரோடு விளையாடுவதும் ஆகும். பம்புசெட்டுக்கு வழங்கப்பட்ட இலவச இணைப்பிலிருந்து அலங்கார விளக்குக்கு மின்சாரம் எடுக்கக் கூடாது. வீட்டு இணைப்பிலிருந்தே எடுக்க வேண்டும். ஐயம் இருந்தால் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்ய வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற, 1.5 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள, மூன்று இழைச் செம்புக் கேபிள் ஏற்றது. மூன்றாவது இழை எர்த்துக்கு உரியது. உலோக உடல் கொண்ட விளக்குக்கு அது கட்டாயம். கேபிளை பி.வி.சி. குழாய்க்குள் விட்டு, ஏர்முனைக்கும் மண்வெட்டிக்கும் எட்டாதபடி இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டருக்குள் குழி தோண்டக் கூடாது. தோண்டினால் உணவெடுக்கும் வேர்கள் அறுபடும். நடுவில் இணைப்புப் போட்டு டேப் சுற்றி மண்ணில் விடுவது மிகவும் ஆபத்தானது. இணைப்பு தேவைப்பட்டால் நீர் புகாத பெட்டிக்குள், தரைக்கு மேலே போட வேண்டும்.

வீட்டு மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. என்னும் சாதனத்தைப் பொருத்த வேண்டும். மின்சாரம் வழிமாறி ஒருவர் உடல் வழியே மண்ணுக்குப் பாயத் தொடங்கினால், இது கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். இதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் விழவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டும். ஆனால் பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருங்கே தொட்டுவிட்டால் இச்சாதனம் காப்பாற்றாது. எர்த்துக் குழிக்கும் இது மாற்றாகாது. குழியில் கோடைக்காலத்தில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

12 வோல்ட் விளக்குகளும் கிடைக்கின்றன. வீட்டுக்குள் ஒரு டிரான்ஸ்பார்மரை வைத்து, வெளியே 12 வோல்ட் மட்டும் கொண்டுசெல்லும் இம்முறையில் அதிர்ச்சி அபாயம் மிகக் குறைவு. குழந்தைகளும் கால்நடைகளும் நடமாடும் இடத்துக்கு இதுவே சிறந்தது. தூரம் அதிகமானால் மின்னழுத்தம் குறையும் என்பது இதன் குறை. 24 வாட் விளக்கை 30 மீட்டர் தூரத்தில் வைத்தால் 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் ஒன்றரை வோல்ட் அளவு குறைந்துவிடும். எனவே அருகில் உள்ள மரங்களுக்கே இது ஏற்றது.

சூரிய ஒளி விளக்குக்குக் கேபிள் தேவையில்லை. ஆனால் அதன் பலகை மர நிழலில் இருந்தால் மின்கலம் நிறையாது. பலகை தனியே, விளக்கு தனியே உள்ள வகையை வாங்கி, பலகையை வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டும். சில ஆண்டுகளில் மின்கலத்தை மாற்ற வேண்டிவரும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உயர்ந்த மரத்தில் இடி விழுவது உண்டு. மரத்தின் மேலே விளக்கு கட்டி ஒயரை வீட்டுக்குள் கொண்டுவந்தால் இடியும் அந்த வழியே வீட்டுக்குள் வரும். இதனாலும் மரத்தில் ஒயர் ஏற்றுவது ஆகாது.

ஒரு சிறு தோட்டத்துக்கான திட்டம்

வீட்டு வாசலில் வேம்பு, பின்னால் மாட்டுக் கொட்டகை, வாய்க்கால் ஓரம் தென்னை, அடுத்து நெல்வயல் உள்ள இரண்டு ஏக்கர் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். இங்கு நான்கு மரத்துக்கு நான்கு 50 வாட் விளக்குகள் தேவையில்லை. வாசல் சுவரில் கீழ்நோக்கி ஒரு 10 வாட், கொட்டகை முகப்பில் ஆள் நடமாடினால் மட்டும் எரியும் சென்சார் உள்ள ஒரு 10 வாட், பண்டிகை நாளுக்கு வேம்பின் கீழ் ஒரு 12 வோல்ட் சிறு விளக்கு ஆகிய மூன்றே போதும். தென்னையும் வயலும் இருட்டில் இருக்கட்டும். வாசல் விளக்கை இரவு ஒன்பது மணிக்கு அணைத்துவிடலாம். மறந்துவிடுவோர் டைமர் வைத்துக்கொள்ளலாம்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

1. ஒரு மரத்துக்கு 10 முதல் 20 வாட், இளமஞ்சள் ஒளி, ஐ.பி. 65 போதும்.

2. ஒளி வயலிலும் எருக்குழியிலும் தென்னங்கொண்டையிலும் விழக் கூடாது.

3. கோடை மழைக்குப் பின்னும், அந்துப்பூச்சி நடமாட்டம் மிகும் நாட்களிலும் மரத்து விளக்கை அணைத்து வைக்க வேண்டும்.

4. மரத்தில் ஆணி, கம்பி, ஒயர் எதுவும் வேண்டாம்.

5. எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் தோட்டத்துக்குள் மின்சாரம் கொண்டுசெல்லக் கூடாது.

6. மழைக்காலம் தொடங்கும் முன் கேபிள், பெட்டி, விளக்கு ஆகியவற்றை மின்பணியாளரைக் கொண்டு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பழுதான விளக்கை மெயின் சுவிட்சை அணைக்காமல் தொடக் கூடாது.

விளக்கு வாங்கும் செலவைவிட, எர்த்துக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் ஆகும் செலவு சில வேளை அதிகமாகத் தோன்றலாம். கையில் உள்ள பணம் இரண்டுக்கும் போதாது என்றால், முதலில் பாதுகாப்புச் சாதனத்தை வாங்கிவிட்டு, விளக்கை அடுத்த அறுவடைக்குப் பின் வாங்குவதே அறிவுடைமை. அதுவரை வேம்பு இருட்டில் நின்றால் அதற்கோ, அதன் நிழலில் வாழும் குடும்பத்துக்கோ ஒரு குறையும் வந்துவிடாது.